மாயாவியும் பத்து சென்ட் புத்தகமும்

1

மாயாவி விளையாட்டில் நாங்கள் எப்போதும் குள்ளர்கள்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு புளியமரம். மரத்துக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் சேரி. சாயங்காலத்தில் ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளும் மரத்தடியில் சேர்ந்து விளையாடலாம். அந்த மரத்தடி வரைக்கும் அனுமதி உண்டு. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கி வந்த ராணி காமிக்ஸ் கிழிசல்களை எங்கண்ணன் எழுத்துக்கூட்டிப் படிப்பான். படித்ததை மறுநாள் நடிப்போம். மாயாவி, ஊர்ப்பையன் ஒருவன். நாங்கள் சோளத்தட்டையை ஈட்டியாகப் பிடித்துக்கொண்டு அவனைச் சுற்றிக் காவல் நிற்கும் பந்தர் குள்ளர்கள். ஒருநாள் நான் தெரியாமல் முன்னால் போய் நின்றுவிட்டேன். "டேய், நீ குள்ளன்டா. குள்ளன் மாயாவிக்கு முன்னால நிக்கக்கூடாது. பின்னால வா" என்றான். நான் பின்னால் போனேன். கோபம் வரவில்லை. புத்தகத்திலேயே அப்படித்தானே போட்டிருக்கிறது?

அன்றைக்குக் கோபம் வராமல் போனதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் அழுதிருப்பேன். அப்பா காதில் விழுந்திருந்தால் ஒரு சண்டையே நடந்திருக்கும். படம் சொன்னபோது எவருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

அந்தக் கதையின் மூலத்தை இப்போது திரும்பப் பார்க்கலாம். லீ ஃபாக் என்ற அமெரிக்கர் 1936-ல் தொடங்கிய 'ஃபேண்டம்' என்ற படத்தொடர்தான் 1990களில் ராணி காமிக்ஸ் வழியாக எங்களுக்கு மாயாவியாக வந்தது. கதைப்படி 1536-ல் கடற்கொள்ளையர்கள் ஒரு கப்பலைத் தாக்குகிறார்கள். தப்பிப் பிழைத்த வெள்ளை இளைஞன் ஒருவன் கரையொதுங்குகிறான். அவனைத் தூக்கிப்போய் உயிர் பிழைக்க வைக்கிறவர்கள் பந்தர் குள்ளர்கள். அவர்கள் அப்போது வசாகா என்ற இன்னொரு கூட்டத்துக்கு அடிமைகள். வந்தவன் அவர்களை விடுவிக்கிறான். அதற்குப் பிறகு இருபத்தோரு தலைமுறையாக அவன் வாரிசுகள் மண்டையோட்டுச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். விடுதலை பெற்றவர்கள் வாசலில் ஈட்டியோடு நிற்கிறார்கள். உயிரைக் காப்பாற்றியவன் காவல்காரன், காப்பாற்றப்பட்டவன் ராஜா! இருபத்தோரு தலைமுறையில் ஒரு குள்ளன்கூட அந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை. கதையின் காடு தொடக்கத்தில் ஆசியாவில், நம் கடல் பக்கத்தில் இருந்தது. பிறகு ஆப்பிரிக்காவுக்கு நகர்ந்தது. காடுதான் நகர்ந்தது. சிம்மாசனமும் ஈட்டியும் அப்படியேதான் இருந்தன.

அடிமைக்கு விடுதலை என்பது மேலேயிருந்து இன்னொருவன் கொடுப்பது, கொடுத்தவனுக்குக் காலமெல்லாம் நன்றியோடு நிற்க வேண்டும். இந்தப் பாடத்தை எந்த வாத்தியாரும் எங்களுக்கு நடத்தவில்லை. நாங்களே காசு கொடுத்து வாங்கிப் படித்துக்கொண்டோம்.

2

தலித் இலக்கியம் பேசத் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கவிதை, நாவல், தன்வரலாறு, நாட்டார் வழக்காறு, சினிமா என்று எல்லாவற்றையும் கட்டுடைத்துப் பார்த்திருக்கிறோம். பிள்ளைகள் கையில் இருக்கும் படக்கதையை மட்டும் தொடவில்லை. கேட்டால், "அதெல்லாம் சின்னப்பசங்க சமாச்சாரம் தோழர்" என்கிறார்கள். ஆதிக்க சாதிகள் அப்படி நினைக்கவில்லை. அவர்களுக்குத் தெரியும், சின்னப்பசங்க சமாச்சாரம்தான் பெரிய சமாச்சாரம் என்று.

அனந்த் பை 1967-ல் 'அமர் சித்திரக் கதை'யைத் தொடங்கியதற்குச் சொல்லப்படும் காரணம் எல்லோருக்கும் தெரியும். தொலைக்காட்சி வினாடிவினாவில் நம் பிள்ளைகளுக்குக் கிரேக்கக் கடவுள்களின் பெயர் தெரிகிறது, ராமனின் தாய் பெயர் தெரியவில்லை என்ற கவலை. 'நம் பிள்ளைகள்' என்ற சொல்லை அங்கே கவனிக்க வேண்டும். எந்தப் பிள்ளைகள்? எந்தத் தாய்? புராணமும் ராஜாக்களும் தேச வீரர்களும் ஒரே வண்ணத்தில், ஒரே அளவுக் கட்டங்களில், ஒரே 'இந்திய வரலாறு' ஆனார்கள். ராமன் வரலாற்று மனிதன் போலவும் வரலாற்று மனிதர்கள் அவதாரங்கள் போலவும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் நின்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட தலைப்புகள் வந்த பிறகு 1979-ல்தான் பாபாசாகேப் அம்பேத்கருக்கு அதில் இடம் கிடைத்தது. கிடைத்ததே பெரிது என்று சொல்லலாம். ஆனால் வரிசையில் வந்து சேரும் ஒவ்வொருவரும் அந்த வரிசையின் சட்டத்துக்குள் வந்தாக வேண்டும். ஒரு தனிமனிதன் கஷ்டப்பட்டான், படித்தான், உயர்ந்தான் என்பதுதான் அந்தச் சட்டம். வருணத்தைக் கேள்வி கேட்ட ஆளும் வருணத்தைக் காப்பாற்றிய ராஜாவும் ஒரே வரிசையில், ஒரே விலையில். முரண்பாடே தெரியாது.

படம் சின்ன விஷயம் இல்லை என்பதற்கு 2012-ஐ நினைத்துக்கொண்டால் போதும். 1949-ல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று மத்திய அரசின் பதினொன்றாம் வகுப்பு அரசியல் பாடநூலில் இருந்தது. அரசியல் சட்டம் என்ற நத்தையின் மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நேரு சாட்டையோடு நிற்கிறார். தொல். திருமாவளவன் உள்ளிட்டவர்கள் நாடாளுமன்றத்தில் இதை எழுப்பினார்கள். அரசு அந்தப் படத்தை விலக்கிக்கொள்வதாகச் சொன்னது. உடனே அறிவுஜீவிகள் பலர் கருத்துச் சுதந்திரம் பற்றி எழுதினார்கள். சாட்டை நத்தைக்குத்தான், அம்பேத்கருக்கு இல்லை என்று விளக்கம் வேறு. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திருப்பும் நம்ம பையனுக்கு, முன் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறவனின் சிரிப்பு எதற்கு என்று தெரியும். அவனுக்கு விளக்கம் தேவையில்லை. உன்னமதி சியாமசுந்தர் 2019-ல் ஒரு வேலை செய்தார். 1932-லிருந்து 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் அம்பேத்கரைப் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அப்போது உண்மையில் என்ன நடந்தது என்று எழுதினார். ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தால் நகைச்சுவை. வரிசையாக வைத்துப் பார்த்தால் அது ஒரு சாதியின் பார்வை.

அப்படியானால் படக்கதை என்ற வடிவமே நமக்கு எதிரியா? இல்லை என்கிறேன். அதற்கு அமெரிக்கக் கறுப்பர்களின் வரலாற்றுக்குள் கொஞ்ச தூரம் போய் வரவேண்டும்.

3

கறுப்பு அறிஞர் டபிள்யூ.இ.பி. டூபாய்ஸை நமக்குத் தெரியும். 1946-ல் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதினார். ஐ.நா. சபைக்கு நீக்ரோக்கள் கொடுக்கும் விண்ணப்பத்தின் பிரதி கேட்ட கடிதம் அது. அதே டூபாய்ஸ் 1920-ல் கறுப்புப் பிள்ளைகளுக்காகவே 'பிரவுனீஸ் புக்' என்று ஒரு மாதப் பத்திரிகையைத் தொடங்கினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இரண்டே வருஷம், இருபத்துநான்கு இதழ்கள். கதையும் பாட்டும் கறுப்புப் பிள்ளைகளின் படங்களும் வந்தன. தன் முகத்தை அச்சில் பார்க்காத பிள்ளை, தான் இருப்பதையே சந்தேகப்படும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

1950களில் அமெரிக்காவில் படக்கதைக்கு எதிராக ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. படக்கதை பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று மருத்துவர்கள் எழுதினார்கள், செனட் விசாரணை நடந்தது, பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் காமிக்ஸ் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். 1954-ல் பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை அலுவலகத்தை வைத்துக்கொண்டார்கள். அது எதைத் தணிக்கை செய்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும்.

இ.சி. காமிக்ஸ் 1953-ல் 'ஜட்ஜ்மெண்ட் டே' என்று ஒரு கதை வெளியிட்டது. விண்வெளி வீரன் ஒருவன் எந்திர மனிதர்கள் வாழும் ஒரு கிரகத்தைச் சோதிக்கப் போகிறான். அங்கே ஆரஞ்சு நிற எந்திரங்கள், நீல நிற எந்திரங்கள் என்று இரண்டு வகை. உள்ளே இருக்கும் உறுப்புகள் எல்லாம் ஒன்றுதான், மேல்தகடு மட்டும் வேறு. நீல எந்திரங்களுக்கு ஊருக்கு வெளியே குடியிருப்பு, பேருந்தில் பின்சீட்டு. சேரி என்ற சொல் ஒன்றுதான் அதில் இல்லை. 'உங்கள் கிரகத்துக்கு இன்னும் தகுதி வரவில்லை' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அந்த வீரன் கப்பலுக்குத் திரும்புகிறான், தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். கடைசிக் கட்டத்தில் அவன் ஒரு கறுப்பு மனிதன். 1956-ல் இந்தக் கதையை மறுபடி அச்சிடப் போனபோது தணிக்கை அலுவலகம், அவன் கறுப்பனாக இருக்கக்கூடாது என்றது. ரத்தம் இல்லை, ஆபாசம் இல்லை. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் கறுப்பன் இருந்தான், அதுதான் குற்றம். பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் மறுத்து, இருந்தபடியே அச்சிட்டார். அந்த நிறுவனம் வெளியிட்ட கடைசிக் காமிக்ஸ் இதழ் அதுதான்.

இப்படி எல்லோரும் படக்கதையைத் தீண்டத்தகாத பொருளாக ஒதுக்கி வைத்திருந்த நேரத்தில்தான் 1957 டிசம்பரில் அந்தச் சிறு புத்தகம் வந்தது.

4

'மார்ட்டின் லூதர் கிங் அண்ட் த மாண்ட்கோமரி ஸ்டோரி.' சின்னப் புத்தகம், பதினாறே பக்கம். விலை பத்து சென்ட். வெளியிட்டது ஃபெல்லோஷிப் ஆஃப் ரீகன்சிலியேஷன் என்ற சமாதான இயக்கம். எழுதியவர்கள் ஆல்ஃபிரட் ஹாஸ்லர், பென்டன் ரெஸ்னிக். அச்சிட்டவை இரண்டரை லட்சம் பிரதிகள். பெரும்பாலும் கடைகளுக்கே போகவில்லை. கறுப்பர்களின் தேவாலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் இயக்கத்தாரின் பைகளில் போயிற்று.

கதை நமக்குத் தெரிந்ததுதான். 1955 டிசம்பர் 1-ம் தேதி ரோசா பார்க்ஸ் என்ற தையல் வேலை செய்யும் பெண் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளைக்காரனுக்காக எழுந்து இடம் கொடுக்க மறுக்கிறார், கைது செய்யப்படுகிறார். டிசம்பர் 5-லிருந்து கறுப்பு மக்கள் பேருந்தில் ஏறுவதை நிறுத்துகிறார்கள். 381 நாள் நடந்தே வேலைக்குப் போகிறார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து சட்டம் உடைகிறது.

இதை அந்தப் புத்தகம் எப்படிச் சொன்னது என்பதுதான் முக்கியம். கதையைச் சொல்லத் தொடங்குகிறவர் அந்த ஊரில் வாழும் ஒரு சாதாரணக் கறுப்பு மனிதர். முகமூடி இல்லை, சிம்மாசனம் இல்லை, பறந்து வந்து காப்பாற்றுகிறவன் எவனும் இல்லை. கடைசிப் பக்கங்களில் இந்த முறையை நீங்கள் உங்கள் ஊரில் எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்லித் தருகிறது. மாயாவி கதையின் கடைசிப் பக்கம் 'அடுத்த இதழுக்குக் காத்திரு' என்கிறது. இதன் கடைசிப் பக்கம் 'இனி நீ செய்' என்கிறது.

செய்தார்கள். அலபாமாவின் குத்தகை விவசாயக் குடும்பத்தில் 1940-ல் பிறந்த ஜான் லூயிஸ் பதினாறு வயதில் ஊர் நூலகத்துக்குப் போய் உறுப்பினர் அட்டை கேட்டிருக்கிறார். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொது நூலகம் கதவைச் சாத்தியது, பத்து சென்ட் படக்கதை கைக்கு வந்து சேர்ந்தது. அதைப் படித்ததைக் கடைசி வரைக்கும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நாஷ்வில் நகரில் ஜேம்ஸ் லாசன் என்ற போதகர் மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். லாசன் அந்தச் சமாதான இயக்கத்தின் களப்பணியாளர். அந்த வகுப்பில் மாணவர்கள் வேஷம் கட்டினார்கள். ஒருவன் வெள்ளை ரௌடி ஆவான், திட்டுவான், நாற்காலியைப் பிடுங்குவான். இன்னொருவன் திருப்பி அடிக்காமல் இடத்தை விட்டு எழாமல் உட்கார்ந்து பழகுவான்.

எங்கள் புளியமரத்தடி விளையாட்டும் வேஷம் கட்டுவதுதான். நாங்கள் பின்னால் நிற்கப் பழகினோம். அவர்கள் எழுந்திருக்காமல் இருக்கப் பழகினார்கள்.

1960 பிப்ரவரி 1-ம் தேதி கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். அதே மாதம் நாஷ்வில் மாணவர்களும் உட்கார்ந்தார்கள், லூயிஸ் உட்பட. அடி வாங்கினார்கள், சிறை போனார்கள். மே 10-ம் தேதி நாஷ்வில் கடைகளில் அந்த மேசைகள் எல்லோருக்கும் திறந்தன. நம்ம ஊர் டீக்கடைத் தனி டம்ளரையும் தனி பெஞ்சையும் நினைத்துக்கொண்டு இந்தத் தேதிகளைப் படித்தால் நமக்கு வேறு விளக்கம் வேண்டாம். ஒரு படக்கதை மட்டுமே போராட்டத்தை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. போராட்டம் மக்களுடையது, தேவாலயங்களுடையது, பல வருஷ அமைப்பு வேலையுடையது. அந்த வேலையின் கையில் இருந்த கருவிகளில் படக்கதையும் ஒன்று என்பதுதான் செய்தி.

5

இந்தப் புத்தகத்தில் ஓவியரின் பெயர் இல்லை. யார் வரைந்தது என்பது அறுபது வருஷம் தெரியாமல் இருந்தது. 2018-ல்தான் தெரிந்தது. வரைந்தவர் சை பாரி.

இந்தப் பெயர் காமிக்ஸ் படிக்கிறவர்களுக்குப் புதிதில்லை. 1961-லிருந்து 1994 வரைக்கும் ஃபேண்டம் தொடரை வரைந்தவர் அவர்தான். எங்கண்ணன் எழுத்துக்கூட்டிய மாயாவியின் முகத்துக்குச் சொந்தக்காரர். ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்த கதையை வரைந்த அதே கைதான் நாலு வருஷம் கழித்துக் குள்ளர்களை ஈட்டியோடு வாசலில் நிறுத்தப் போயிற்று!

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கை ஒன்றுதான். மை ஒன்றுதான். கட்டம், பேச்சுக்குமிழ், கோடு எல்லாம் ஒன்றுதான். கதையை யார் கேட்டு எழுத வைத்தார்கள், யாருக்காக, எந்தக் காரியத்துக்காக என்பது மட்டும்தான் வேறு. மாயாவிக்குப் பின்னால் பத்திரிகைகளுக்குத் தொடர் விற்கும் வியாபாரம் இருந்தது. மாண்ட்கோமரி புத்தகத்துக்குப் பின்னால் 381 நாள் நடந்த கால்கள் இருந்தன. ஆகவே வடிவத்தைத் திட்டுவதில் பயன் இல்லை. வடிவம் பறை மாதிரி. சாவுக்கும் அடிக்கலாம், போராட்டத்துக்கும் அடிக்கலாம். யார் சொல்லி அடிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

6

ஆனாலும் அந்தப் பத்து சென்ட் புத்தகத்தின் மேல் நமக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதில் இந்தியா வருகிறது. ஆனால் காந்தியாக மட்டும் வருகிறது. வன்முறையில்லாத போராட்டத்தின் ஊற்று காந்தி என்று சில கட்டங்களில் கதை சொல்கிறது. பொது இடத்தில் உரிமையோடு போய் நிற்பது என்ற காரியத்தை 1927-லேயே செய்து காட்டியவர்கள் அதில் இல்லை.

மகத்தை நினைத்துப் பாருங்கள். பொதுக் குளங்களைத் தீண்டத்தகாதவர்களும் பயன்படுத்தலாம் என்று 1923-ல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மகத் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. காகிதத்தில் உரிமை இருந்தது, குளத்தில் இல்லை. 1927 மார்ச் 20-ம் தேதி அம்பேத்கர் தலைமையில் ஊர்வலமாகப் போய்ச் சவ்தார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். திரும்பிப் போகும்போது ஆதிக்க சாதியினர் அடித்தார்கள். பிறகு நூற்றெட்டுக் குடம் ஊற்றிக் குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். டிசம்பர் 25-ம் தேதி மனுஸ்மிருதி எரிந்தது. நீதிமன்ற வழக்கு 1937 வரை போய் நம் பக்கம் தீர்ப்பானது. பேருந்து இருக்கைக்கும் குளத்துத் தண்ணீருக்கும் என்ன வித்தியாசம்? மாண்ட்கோமரியில் நடந்தது இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் மகத்தில் நடந்திருக்கிறது. ஆனால் மாண்ட்கோமரிக்கு ஒரு படக்கதை இருந்தது. மகத்துக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் லாசன் 1953-லிருந்து சில வருஷம் நாகபுரியில் ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்தவர். காந்தியத்தைப் படித்துக்கொண்டு 1956-ல் ஊர் திரும்பினார். அதே நாகபுரியில் அதே 1956 அக்டோபர் 14-ம் தேதி அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். ஒரே நகரம், ஒரே வருஷம். அமெரிக்காவுக்குக் கப்பலேறியது காந்தி மட்டும்தான். இதில் லாசனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கண்ணுக்கு எட்டும்படி நம் கதை அச்சில் இல்லை, படத்தில் இல்லை.

மார்ட்டின் லூதர் கிங்கே 1959-ல் இந்தியாவுக்கு வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். தீண்டத்தகாதவர்கள் எனப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி. தலைமையாசிரியர் அவரைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும்போது, இவரும் அமெரிக்காவின் ஒரு தீண்டத்தகாதவர் என்றாராம். முதலில் தனக்குச் சுருக்கென்றது, பிறகு யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான் என்று 1965-ல் ஒரு பிரசங்கத்தில் கிங் சொன்னார். காந்தியைப் படித்துத் தெரிந்துகொள்ளாத ஒன்றை அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றபோது அவர் தெரிந்துகொண்டார்.

7

ஜான் லூயிஸ் அந்தச் சிறு புத்தகத்தை மறக்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினராகிப் பல வருஷம் கழித்து, தன் அலுவலகத்தில் வேலை பார்த்த ஆண்ட்ரூ அய்டின் என்ற இளைஞரிடம் அதைப் பற்றிச் சொன்னார். அப்படியானால் நீங்களும் ஒன்று எழுதுங்களேன் என்றார் இளைஞர். நேட் பவல் வரைய, 2013, 2015, 2016 ஆண்டுகளில் 'மார்ச்' என்று மூன்று பாகம் வந்தது. மூன்றாவது பாகத்துக்கு 2016-ல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது இளைஞர் இலக்கியப் பிரிவில் கிடைத்தது. நூலக அட்டை மறுக்கப்பட்ட கதையை அந்த மேடையில்தான் அழுதுகொண்டே அவர் சொன்னார். 2020-ல் இறந்தார். அடிபட்டவனே தன் கதையைச் சொல்லி, அது பள்ளிக்கூடம் வரைக்கும் போன புத்தகம் அது.

நம் பக்கத்தில் 2011-ல் இரண்டு புத்தகங்கள் வந்தன. இரண்டும் நவயானா வெளியீடு. ரவிக்குமாரும் எஸ்.ஆனந்தும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய பதிப்பகம் அது என்பதை 'நிறப்பிரிகை' படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று, ஜோதிராவ் ஃபுலேயின் 'குலாம்கிரி'யை வைத்து ஸ்ரீவித்யா நடராஜன் எழுதி அபராஜிதா நினான் வரைந்த 'எ கார்டனர் இன் த வேஸ்ட்லேண்ட்'. ஃபுலே 1873-ல் அந்த நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கை ஆக்கினார். கறுப்பர் கதையும் நம் கதையும் ஒன்று என்பது நாம் இன்றைக்குக் கண்டுபிடித்ததல்ல.

இன்னொன்று 'பீமாயணா'. தமிழிலும் 'பீமாயணம்' என்று காலச்சுவடு வெளியீடாக வந்திருக்கிறது. அம்பேத்கர் தன் அனுபவங்களாக எழுதி வைத்த 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகள்தான் மூலம். 1901-ல் கோரேகாவுக்கு அப்பாவைப் பார்க்கப் போன சிறுவனுக்கு வழியில் தண்ணீர் கிடைக்கவில்லை. 1917-ல் கொலம்பியாவில் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. தண்ணீர், தங்குமிடம், பயணம் என்று அடுக்கிய கதை. தொடக்கமே ஒரு பேருந்து நிறுத்தத்தில், இட ஒதுக்கீட்டைக் குறை சொல்லும் ஓர் இளைஞனிடம் ஒரு பெண் பேசுவதாக வருகிறது.

வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம். மத்தியப் பிரதேசத்துப் பர்தான் கோண்டு ஆதிவாசிகள். காமிக்ஸ் என்றால் பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும் என்று சொன்னபோது அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஆட்களைப் பெட்டிக்குள் அடைக்கமாட்டோம், அவர்கள் மூச்சுவிட இடம் வேண்டும் என்பது அவர்கள் பதில். ஆகவே பக்கம் முழுக்க மண்ணில் போடும் கோலம் மாதிரி கோடுகள் ஓடுகின்றன. சாதித் திமிரோடு பேசுகிறவன் பேச்சுக்குமிழுக்குத் தேள் கொடுக்கு. பாதிக்கப்பட்டவர்களின் பேச்சுக்குப் பறவை உருவம். மகத்தில் அம்பேத்கர் பேசும்போது ஒலிபெருக்கியிலிருந்து தண்ணீர் பூவாளியாகத் தெளிக்கிறது. நான் முதலில் சொன்ன 'வரிசையின் சட்டம்' இங்கே உடைகிறது. கதை மட்டும் மாறினால் போதாது, கட்டமும் மாற வேண்டும் என்று எழுத்து சொல்லித்தராத ஒன்றை அந்த இரண்டு ஓவியர்களும் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. கதையை எழுத்தாக்கியவர்களில் நம்மவர்கள் யார் என்ற கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, விலை. நல்ல தாள், பெரிய அளவு, நூற்றுக்கணக்கான ரூபாய். நகரத்துப் புத்தகக் கடைக்கும் பல்கலைக்கழகக் கருத்தரங்குக்கும் அந்தப் புத்தகம் போய்விட்டது. ஆதிதிராவிடர் நல விடுதிக்கு வரவில்லை.

8

போன வருஷம் எங்கள் இரவுப்பள்ளிக்குப் 'பீமாயணம்' ஒரு பிரதி எடுத்துப் போனேன். ஒரே பிரதி, இருபது பிள்ளைகள். தரையில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரு பெண்பிள்ளை தேள் கொடுக்குக் குமிழைத் தொட்டுக் காட்டி, "இது எங்க சாரு பேசுற மாதிரி இருக்குண்ணா" என்றாள். எந்த சார் என்று நான் கேட்கவில்லை. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு, முன் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு இல்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சிரிப்பு. புளியமரத்தடியில் எனக்கு வராத கோபம் அவளுக்கு எட்டு வயதில் வந்திருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டாள். ஒரே பிரதிதான் என்று சொல்லி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அயோத்திதாசர் 1907-ல் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தார். விலையையே பெயராக வைத்தார். யார் கைக்குப் போகவேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. ஐம்பது வருஷம் கழித்து மாண்ட்கோமரிக்காரர்களுக்கும் இருக்கவில்லை, பத்து சென்ட். நமக்குத்தான் குழப்பம். கருத்தரங்கக் கட்டுரை எழுதுகிறோம், கனமான தொகுப்பு போடுகிறோம். பதினாறு பக்கத்தில், ஒரு டீ விலையில், மகத்தைப் பற்றி ஒரு படக்கதை போட நமக்கு நேரம் இல்லை.

நம்மிடம் ஓவியர்கள் இருக்கிறார்கள். பேனர் எழுதுகிறவர்கள், சுவரில் பாபாசாகேப் முகத்தை நீல வண்ணத்தில் நினைவிலிருந்தே போடுகிறவர்கள் ஒவ்வொரு சேரியிலும் இருக்கிறார்கள். கதைகள் இருக்கின்றன. கீழ்வெண்மணி இருக்கிறது, மேலவளவு இருக்கிறது. அழுகைக் கதைகள் மட்டும் வேண்டாம். குளத்தில் இறங்கிய கதை, பெஞ்சில் உட்கார்ந்த கதை, செருப்பைக் கழற்ற மாட்டேன் என்ற கதை ஒவ்வொரு ஊரிலும் கிழவிகளிடம் இருக்கிறது. கேட்டு எழுதுவோம். கட்டம் போட்டோ போடாமலோ வரைவோம். கடைசிப் பக்கத்தில் 'இனி நீ செய்' என்று எழுதுவோம்.

மரத்தடியில் விளையாட இன்றைக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் கையில் நாம் எந்தக் கதையைக் கொடுக்கப் போகிறோம்?